வாய்க்கால் தண்ணீரில் மில் ஓடியதா?

கேள்வி இதுதான். கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்காலை ஒட்டி, கூரையில்லாமல் ஒரு பழைய மில் நிற்கிறது. உள்ளே இடுப்பளவு ஆழத்தில் ஒரு சீமெந்துக் குழி. வாய்க்கால் பக்கச் சுவரில் ஒரு துவாரம். இது தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடிய மா ஆலையா, வெள்ளைக்காரன் காலத்ததா, இல்லையென்றால் ஏன் வாய்க்கால் கரையில் கட்டினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீரில் ஓடவில்லை. டீசல் எஞ்சினில் ஓடியது. ஆனால் வாய்க்கால் இல்லாமல் அந்த மில் அங்கே இருந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டாவது விஷயத்தில்தான் சுவாரசியம் இருக்கிறது, அதனால் முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஒரு கிளை வாய்க்காலில் செக்கனுக்கு 10 கனவடி தண்ணீர் போகிறது, அது 3 அடி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சக்தியையும் பிடித்தாலும் கிடைப்பது ஏறத்தாழ மூன்றரைக் குதிரைவலு. சக்கரத்திலும் பல்லுகளிலும் பாதி போய்விடும். நெல்லுக் குத்தும் ஒரு ஹலருக்கு மட்டும் 10 முதல் 15 குதிரைவலு வேண்டும். பிரதான வாய்க்காலில் தண்ணீர் அதிகம், வீழ்ச்சி உள்ள இடமாகப் பார்த்தால் கணக்குச் சரிவரும். சரி, ஆனால் அந்தத் தண்ணீர் எப்போது வரும்? சிறுபோகத்துக்கு, சித்திரை தொடங்கி ஆவணி வரை, அதுவும் முறை வைத்து. காலபோகம் மழையை நம்பிய பயிர், இடையில் மழை ஏமாற்றினால்தான் குளத்தைத் திறப்பார்கள். நெல்லு வந்து குவிகிற மாசி, பங்குனியில் வாய்க்கால் காய்ந்து, புல்லு வெட்டவும் கட்டுத் திருத்தவும் ஆள் இறங்கி நிற்கும். வேலை இருக்கிற நாளில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இருக்கிற நாளில் அது வயலுக்குப் போக வேண்டும். நடுவில் சக்கரம் வைத்து ஓட்டத்தை மறிக்க நீர்ப்பாசனத் திணைக்களம் விட்டிருக்காது, கடைமடைக்காரர் அதைவிட விட்டிருக்க மாட்டார்கள்.

நீர்ச்சக்கரம் இலங்கைக்குப் புதிதல்ல. மலைநாட்டில் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் பல அதில் ஓடின, ஆறு செங்குத்தாக விழுகிற இடம் அது. கிளிநொச்சி அடங்கிய வன்னி தட்டை நிலம். இங்கே தண்ணீருக்கு உயரம் இருப்பது குளக்கட்டில் மட்டும்தான். இரணைமடுவின் துருசடியில், அதாவது மதகடியில், முப்பது அடிக்கு மேல் ஆழம் நிற்கும். அதைத் தாண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டால் தண்ணீர் ஆறுதலாக நடக்கும்.

அந்தக் குழிக்கு வருவோம். பழைய மில்களில் எஞ்சினிலிருந்து நேரே ஒரு மெசினுக்குப் பெல்ட் போடுவதில்லை. நீளமான ஒரு தண்டு, நாங்கள் ஷாப்ட் என்போம், அதில் பல புளிகள், அதாவது பெல்ட் மாட்டும் சில்லுகள். எஞ்சின் ஷாப்டைச் சுற்றும், ஷாப்டிலிருந்து ஹலருக்கு ஒரு பெல்ட், மா மெசினுக்கு ஒரு பெல்ட், சில இடத்தில் தண்ணீர் இறைக்க ஒன்று. ஆட்கள் நடக்கிற இடத்தில் பெல்ட் ஓடக்கூடாது என்பதற்காகப் பலர் ஷாப்டைத் தரைக்குக் கீழே இறக்கினார்கள். நீங்கள் பார்த்த குழி ஒடுங்கி நீளமாக இருந்து, இரண்டு பக்கமும் பேரிங் இருந்த சீமெந்து மேடை தெரிந்தால் அது ஷாப்ட் ஓடிய பள்ளம். குட்டையாக, ஒரு தடித்த கொங்கிரீட் கட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் எஞ்சினின் பறப்புச் சில்லு இறங்கிச் சுற்றிய குழி. சுவரிலுள்ள துவாரம் பெரும்பாலும் எஞ்சினைக் குளிராக்கிய தண்ணீர் வெளியே போன வழி, அல்லது நெல்லு ஊறிய தொட்டியைத் திறந்துவிட்ட வழி. ஒரு சின்ன சோதனை: துவாரம் தரை மட்டத்தில், வெளிப்பக்கம் சரிந்து இருந்தால் அது கழிவு போன வழிதான். சக்கரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வழி என்றால் உள்ளே சரிந்திருக்க வேண்டும், தண்ணீர் திரும்பி வெளியேற இன்னொன்றும் இருக்க வேண்டும்.

காலத்தைப் பற்றி. இரணைமடுக் குள வேலை 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. வடக்கு ரயில் பாதை 1905இல் முழுதாகத் திறந்தது. ஆனால் குளமும் ரயிலும் வந்தவுடன் சனம் வந்துவிடவில்லை. காடு, மலேரியா. 1930களின் நடுப்பகுதியில்தான் யாழ்ப்பாணத்தில் காணியில்லாத குடும்பங்களைக் கொண்டுவந்து கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வயற்காணி ஒன்று, வீடு போட்டு இருக்க மேட்டுக்காணி ஒன்று. 1940களின் கடைசியில் டிடிடி மருந்து அடித்து மலேரியாவை அடக்கிய பிறகுதான் குடியேற்றம் வேகம் பிடித்தது. வட்டக்கச்சி, இராமநாதபுரம், உருத்திரபுரம் என்று ஊர்கள் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நீண்டன. உருத்திரபுரத்தில் இன்றைக்கும் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் இடம் சொல்வார்கள். முதலாவது தலைமுறை உரலும் உலக்கையுமாக இருந்தது. அதனால் வாய்க்காலோர மில்கள் பெரும்பாலும் 1950களுக்குப் பிந்தியவை. வெள்ளைக்காரன் குளத்தைக் கட்டினான், மில்லைக் கட்டவில்லை.

இனி ஏன் வாய்க்கால் கரை என்பது.

முதற் காரணம் புழுங்கல். வடக்கில் சோற்றுக்குப் புழுங்கல் அரிசிதான். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துத்தான் குத்துவது. ஒரு தொன் நெல்லு ஊற ஏறத்தாழ 1,200 முதல் 1,300 லீற்றர் தண்ணீர் வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் இரண்டு நாள் பிடிக்கும், மூன்றாம் நாளும் விட்டால் அந்த நாற்றம் உடுப்பில் ஏறி வீட்டுக்கும் வரும். சுடுதண்ணீரில் மூன்று நாலு மணித்தியாலத்தில் காரியம் முடியும், ஆனால் அதற்கு அடுப்பு வேண்டும், அடுப்புக்கு உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அந்த உமியே அடுத்த நெல்லை அவிக்கும். மில்லுக்கு விறகுச் செலவு இல்லாமல் போனது இதனால்தான். ஊறிய தண்ணீர் கறுத்துப் போய் மறுபடி வாய்க்காலில்தான் விழுந்தது. கீழ்ப்பக்கத்தில் குளிக்கிறவர்கள் திட்டினார்கள், திட்டினதில் நியாயமும் இருந்தது.

இரண்டாவது காரணத்தை வெளியூர்க்காரர் நினைத்துப் பார்ப்பதில்லை: தண்ணீரின் ருசி. பரந்தனைத் தாண்டி ஆனையிறவுக் கடல்நீரேரிப் பக்கம் போகப் போகக் கிணற்றுத் தண்ணீர் உவர். உவர்த் தண்ணீரில் நெல்லு அவித்தால் சோற்றில் தெரியும். அதே தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றவிட்டால் சிலிண்டரைச் சுற்றியுள்ள அறையில் காறை படிந்து, சூடு வெளியேறாமல் எஞ்சின் பிடித்துவிடும். வாய்க்காலில் வருவது குளத்தில் தேங்கிய மழைத்தண்ணீர், மென்மையானது. வாய்க்கால் காய்ந்த மாதங்களில் என்ன செய்தார்கள் என்றால், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிணறு வெட்டினார்கள். ஆண்டுக்கணக்காக வாய்க்காலில் கசிந்து இறங்கிய நல்ல தண்ணீர் அதில் ஊறியது. உங்கள் மில்லுக்குப் பக்கத்திலும் தூர்ந்த கிணறு ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, பாதை. மாரியில் வன்னிக் களிமண்ணில் வண்டில் இறங்கினால் அச்சு வரை புதையும். நம்பி நடக்கக்கூடிய உயரமான நிலம் வாய்க்கால் கட்டு மட்டும்தான். குடியேற்றத் திட்டத்தின் வீதிகள் வாய்க்காலை ஒட்டியே போனதற்கும் அதுவே காரணம். மாட்டுவண்டில், பிறகு உழவு இயந்திரப் பெட்டி, அதற்குப் பிறகு லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம், எல்லாம் நெல்லு மூடையோடு அந்தக் கட்டு வழியாகத்தான் வந்தன. மில்லை வேறெங்கே கட்டுவது?

எஞ்சின் என்று எடுத்தால் இந்தப் பக்கத்தில் பேர் போனது லிஸ்டர். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் செய்தது. இரண்டு பக்கமும் பாரமான சில்லு, நிமிடத்துக்கு 600, 650 சுற்று. கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். வால்வைத் தூக்கிவிட்டுச் சுற்றி, சில்லு வேகம் பிடித்ததும் வால்வை விட வேண்டும். கைப்பிடியைக் கழற்றப் பிந்தினால் கை போய்விடும். குளிராக்கப் பம்ப் கூடக் கிடையாது. பக்கத்தில் தண்ணீர்ப் பரல், அதாவது பீப்பா, இரண்டு, சூடான தண்ணீர் தானாக மேலே ஏறிப் பரலுக்குப் போகும், ஆறியது கீழால் வரும். நாள் முழுக்க ஓடினால் பரல் கொதிக்கும், அப்போது கொஞ்சத்தைத் திறந்துவிட்டு வாய்க்கால் தண்ணீர் விடுவார்கள். அந்தச் சுடுதண்ணீர் விழுகிற இடத்தில் மார்கழிக் குளிரில் குளிக்கப் பெடியள் வரிசையில் நிற்பார்கள். மில் திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கத் தேவையில்லை, புகைக்குழாயின் டுக் டுக் சத்தம் வயல் கடந்து கேட்கும்.

நெல்லுக் குத்தியது எங்கல்பேர்க் வகை ஹலர். 1880களில் பிரேசிலில் கோப்பிக்கும் நெல்லுக்குமாகக் கண்டுபிடித்து, அமெரிக்காவில் செய்து உலகம் முழுக்க விற்ற மெசின். உருக்கு உருளை ஒன்று, சுற்றிலும் சல்லடைத் தகடு, ஒரு பக்கம் கத்தி. உமியையும் தவிட்டையும் ஒரே தடவையில் உரித்துவிடும். குறை என்னவென்றால் உமியும் தவிடும் கலந்தே விழும், பச்சை நெல்லு போட்டால் நிறைய உடையும். புழுங்கல் இறுகினது, அவ்வளவு உடையாது. வடக்குச் சனத்தின் சாப்பாட்டுப் பழக்கமும் இந்த மெசினும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போனதால்தான் இரப்பர் உருளை மெசின் வந்த பிறகும் சின்ன மில்கள் ஹலரை விடவில்லை. கூலி புசலுக்கு இவ்வளவு என்று. ஒரு புசல் நெல்லு 46 இறாத்தல், ஏறத்தாழ 21 கிலோ.

நீங்கள் கேட்டது மா ஆலை என்பதால் அந்த மெசினைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மில்லின் வருமானம் நெல்லில், மில்லின் உயிர் மாவில். நெல்லுக்கு வருவது ஆம்பிளைகள், போகத்துக்கு ஒரு தரம், வண்டிலோடு. மாவுக்கு வருவது பெண்கள், கிழமைக்குக் கிழமை, தலையில் பெட்டியோடு. பச்சரிசியைச் சில மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி, ஈரம் போகாமலும் போயும் இருக்கிற பதத்தில் கொண்டுவர வேண்டும். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் மாதிரிச் சிவப்பரிசி என்றால் பிட்டுக்கு அதைவிட ஒன்றில்லை. மில்காரர் ஒரு சிட்டிகை அரிசியை எடுத்துப் பெருவிரலால் நசித்துப் பார்ப்பார். மாவாகப் பொடிந்தால் சரி. நசிந்து ஒட்டினால் ஈரம் அதிகம், தட்டில் அப்பிக்கொண்டு பெல்ட் கழன்றுவிடும். கடக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது, சூடேறிய மணம் மாவில் ஏறும். இரண்டு இரும்புத் தட்டு, ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். இடைவெளியைக் கைச்சில்லால் கூட்டிக் குறைப்பது. பிட்டுக்குக் கொஞ்சம் பருக்கன், இடியப்பத்துக்குப் பட்டு மாதிரி. தட்டு தேய்ந்தால் மா கரகரக்கும், வீட்டில் முதல் அவியலிலேயே தெரிந்துவிடும், அடுத்த கிழமை பக்கத்து வாய்க்கால் மில்லுக்குப் போய்விடுவார்கள்.

சண்டை வருவது மிளகாயில். ஒரே மெசினில்தான் மாவும் தூளும். மிளகாய் அரைத்த கையோடு அரிசி போட்டால் பிட்டு உறைக்கும். "அக்கா, இப்ப தூள் ஓடுது. மா எண்டா கொஞ்சம் பொறுங்கோ, ரெண்டு கை குறுணல் போட்டுத் துடைச்சுத் தாறன்" என்பார் மில்காரர். துடைக்கிற குறுணல் யாருடையது என்பதில் அடுத்த வாக்குவாதம். வசதி வந்தவர்கள் தூளுக்கென்று தனி மெசின் போட்டார்கள். உங்கள் கட்டடத்தில் மா மெசின் நின்ற மேடை இரண்டு இருந்தால் அந்த மில் நன்றாக ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒடியல், குரக்கன், உழுந்து, எல்லாம் இதே தட்டில்தான் அரைபட்டன.

இந்த மில்களின் நல்ல காலம் 1970கள். இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை வந்தது, விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த இளைஞர்களுக்குக் காணி கொடுத்தார்கள். அரிசித் தட்டுப்பாடு, பாணுக்கு வரிசை. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்து நெல்லைத் தன் பிடியில் வைத்துக்கொண்டது, தனியார் மில்கள் சபைக்கும் அரைத்துக் கொடுத்தன. அரிசி கடத்துவதைப் பிடிக்க வீதியில் சோதனைச் சாவடி போட்ட காலம் அது. வன்னியில் நெல்லிருந்தவன் ராசா, மில்லிருந்தவன் அவனுக்கு மந்திரி. குளத்துக்கட்டையும் அந்தப் பத்தாண்டில் உயர்த்தினார்கள்.

அடி எங்கிருந்து வந்தது என்றால் பலர் போர் என்பார்கள். என் கணக்கில் முதலடி திருகோணமலையிலிருந்து வந்தது. 1980இல் பிரிமா கோதுமை மா ஆலை அங்கே ஓடத் தொடங்கி, கோதுமை மா நாடு முழுக்க மூடை மூடையாக, அரைத்தபடி வந்தது. அதை அவித்து அரித்தால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆகும், ஊறவைக்கத் தேவையில்லை, மில்லுக்கு நடக்கத் தேவையில்லை. அரிசி மாவோடு கோதுமை மாவைக் கலப்பது முதலில் சிக்கனமாக இருந்தது, பிறகு பழக்கமானது.

போர் அதற்கு மேலே வந்தது. 1990இல் பொருளாதாரத் தடை. டீசல் வன்னிக்கு வரக்கூடாத பொருள். மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு, கிடைத்ததில் கொஞ்சம் எண்ணெய் கலந்து எஞ்சினை ஓட்டினார்கள். அது ஊசிப் பம்பைத் தின்றுவிடும், உதிரிப்பாகத்துக்கும் தடை. ஆகவே கிழமைக்கு ஒரு நாள், இரண்டு நாள் மட்டும் ஓட்டுவது, மற்ற நாளில் பரணில் கிடந்த உலக்கையை இறக்குவது. 1995இன் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் இடம்பெயர்ந்தது, அடுத்த ஆண்டு அதில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தார்கள். சாப்பிடும் வாய் பெருகியபோது அரைக்க எரிபொருள் இல்லை. 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது, 1998இல் புலிகள் மீட்டார்கள், ஊர் தரைமட்டம். 2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்து டீசல் வந்து, எஞ்சியிருந்த மில்கள் சில வருசம் மூச்சுவிட்டன. 2008இன் பிற்பகுதியில் மறுபடி எல்லாம் கிழக்கே நகர்ந்தது, 2009 சனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி மறுபடி கைமாறியது. கூரைத் தகடு, கதவு, நிலை என்று சனம் கழற்றிக்கொண்டு போன அந்த நாட்களில் எஞ்சினைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியவர்களும் உண்டு.

உங்கள் கட்டடத்தில் இதற்கும் தடயம் இருக்கலாம். எஞ்சின் இருந்த கொங்கிரீட் கட்டையில் நாலு போல்ட் நிற்கும். புரி கெடாமல் நின்றால், சாவி போட்டு ஆறுதலாகக் கழற்றியிருக்கிறார்கள், அநேகமாக மில்காரரே. அறுத்தோ அடித்தோ மடங்கியிருந்தால் 2009க்குப் பிறகு பழைய இரும்புக்குப் போயிருக்கலாம்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு மில்கள் திரும்பி வந்தன, ஆனால் வாய்க்கால் கரைக்கு வரவில்லை. மின்சாரம் வீதியோரம் வந்தது, மோட்டாருக்குத் தண்ணீர் வேண்டாம். அறுவடை மெசின் வந்த பிறகு நெல்லு களத்துக்கே வருவதில்லை, வயலிலேயே ஈர நெல்லாக லொறியில் ஏறித் தெற்கிலுள்ள பெரிய ஆலைகளுக்குப் போய், அரிசியாகப் பைக்கட்டில் திரும்பி வருகிறது. இது சரியில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், கடனுக்கு உரம் எடுத்த விவசாயி காயவைத்துக் காத்திருக்க முடியாது என்பதையும் எல்லோரும் அறிவார்கள். அவிக்கிற வேலை இல்லாமல் போனால் தொட்டி வேண்டாம், தொட்டி வேண்டாம் என்றால் வாய்க்கால் வேண்டாம். உங்கள் மில் திரும்பக் கட்டப்படாமல் நிற்பதற்குக் குண்டைவிட இது பெரிய காரணமாக இருக்கலாம்.

மா மட்டும் பிழைத்துக்கொண்டது. 2022இல் கோதுமை மா விலை ஏறியபோது அரிசி மா அரைக்கச் சனம் மறுபடி மில்லுக்கு நடந்தது. கிளிநொச்சி, பரந்தன் பக்கம் மோட்டாரில் ஓடும் சின்ன மில்களை இன்றைக்கும் பார்க்கலாம், பலதில் மெசின் பழசு, மோட்டார் மட்டும் புதுசு. போவதென்றால் காலையில் போங்கள், மா அரைப்பது அப்போதுதான். அந்தக் காணி யாருடையது என்று அறிய வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவில் கேளுங்கள். வாய்க்கால் கட்டிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஒதுக்கு நிலம், அதற்கு அப்பால் அனுமதிப்பத்திரக் காணி. சுவர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து எந்தக் கோப்பைத் தேடுவது என்று அவர்களே சொல்வார்கள்.